ஜெல்லி மீன் மிதந்த தூரம்

தில்லைநாயகம் ஐம்பது வயதுக்கு மேல் மாணவரானவர். முப்பது வருஷம் படத்தொகுப்பு செய்துவிட்டு, முப்பரிமாணப் படத்துக்கு ஆழம் அமைக்கும் வேலையைத் தன்னைவிட இளையவரான மெஹருன்னிசாவிடம் கற்றுக்கொண்டார். எந்த உருவம் திரையைத் தாண்டி எவ்வளவு தூரம் வரவேண்டும் என்று முடிவுசெய்கிற வேலை.

கடலடிப் படம் ஒன்றில் ஜெல்லி மீன்கள் மிதந்து வரும் காட்சியை எட்டு மாதம் உட்கார்ந்து அவரே செய்தார். முடித்த வாரம் இடது கண்ணில் பார்வை போயிற்று. இனி வராது என்றார் மருத்துவர்.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. டம்ளரில் ஊற்றிய டீ மேசையில் விழுந்தது. படியில் வைத்த கால் காற்றில் இறங்கியது. வீடே சுவரில் ஒட்டிய படமாகிவிட்டது.

மெஹருன்னிசாவிடம் போய் நின்றார்.

"மேடம், நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்."

"ஏன்ணே?"

"ஒரு கண்ணு போனதும் என் மீனெல்லாம் திரையோட ஒட்டிக்கிச்சு. அப்ப அது எப்பவுமே வெளிய வரல, இல்லையா? எட்டு மாசமா ஒரு பொய்யத்தான செஞ்சிருக்கேன்?"

மெஹருன்னிசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிக்கு நம்ம ஆளுங்களுக்குப் படம் போடறோம். வாங்க."

லைட்மேன்கள், ஓட்டுநர்கள், சமையல்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் முப்பரிமாணப் படம் பார்க்கும் கறுப்புக் கண்ணாடி. மெஹருன்னிசா தில்லைநாயகத்தைத் திரைக்குக் கீழே, ஓரமாக நிறுத்தினார்.

"திரையப் பாக்காதீங்க. இவங்களப் பாருங்க."

அவருடைய காட்சி வந்தது. அரங்கம் நீலமாயிற்று. முகங்களின் மேல் வெளிச்சம் அலைந்தது. நூறு பேரும் தண்ணீருக்கடியில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். பின்னால், சூட்டுத் தழும்பேறிய விரல்களோடு ஒரு லைட்மேன். பிறகு அங்கங்கே கைகள் எழுந்து பாசிபோல மெல்ல ஆடின. மீசைக்காரர் ஒருவர் எதற்கோ வழிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார். கேன்டீனில் தோசை வார்க்கும் சிலுவையம்மாள், பச்சைக்குழந்தையை வாங்குகிறவள் மாதிரி இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள். நீட்டிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

தில்லைநாயகம் மெஹருன்னிசா பக்கம் திரும்பினார்.

"மேடம், மீன் இப்ப எங்க இருக்கு?"

"சிலுவையம்மா கையில."

அவர் ஒற்றைக் கண்ணால் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார்.

"அங்க ஒண்ணுமில்லையே, மேடம்."

மெஹருன்னிசா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்ப போய், அவங்கள கைய இறக்கச் சொல்லுங்கண்ணே."