சுவடி ஏறிய பல்லக்கு

மகுடபூபதி ராஜாவுக்குப் பல்லக்கில் ஏறினாலே வயிற்றைக் கலக்கும். தூக்கிகள் நாலு பேரும் புதுசு, ஆளுக்கொரு நடை! அவர்களைத் திருத்த வித்யாதரரைத் தலைவராகப் போட்டார். மந்திரியின் மைத்துனர். வேறு தகுதி வேண்டுமா என்ன?

மனுஷர் மாமர நிழலில் கட்டிலைப் போட்டு, ஆட்களை நடத்துவது எப்படி என்று சுவடி சுவடியாகப் படித்தார். 'நல்ல தலைவன் முன்னால் எவரும் வாய் திறக்க மாட்டார்' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. போதாதா! "இனி எவனும் மூச்சு விடக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

வந்தது வினை. பல்லக்கைப் பின்னால் பிடிப்பவனுக்குப் பாதை தெரியாது. முன்னால் போகிறவன் "கல்!", "பள்ளம்!" என்று குரல் கொடுப்பான். அதைக் கேட்டுத்தான் பின்னவன் கால் வைப்பான். குரல் நின்றது, ராஜா எருமைக் குட்டையில் விழுந்தார்.

"நாலு பேரையும் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!" என்று கத்தினார், மீசையில் சேறு வழிய.

அவையில் வேடிக்கை பேசிப் பிழைக்கும் திருக்கொழுந்துக்கு மனசு கேட்கவில்லை. முன்தூக்கி மாசாணத்தின் மனைவி நிறைமாதம். எங்கே போவாள் பாவம்? ஆனால் மந்திரியின் மைத்துனரைக் குறை சொன்னால் தன் கழுத்தும் மிஞ்சாதே!

"தண்டனை சரிதான் மகாராஜா. போவதற்கு முன், இவ்வளவு படித்த தலைவர் ஒரு தடவை தூக்கிக் காட்டட்டும். இந்த மடையர்கள் பார்த்து வெட்கப்படட்டும்."

"நான் ஏற மாட்டேனப்பா!" என்றார் ராஜா.

"தாங்கள் எதற்கு? அவருடைய சுவடிகளையே ஏற்றுவோம்."

வித்யாதரர் பின்தண்டைத் தோளில் வாங்கினார். உத்தரவை மீறலாமா? மாசாணம் வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தான். முதல் கல்லில் தலைவரின் கால்விரல் நகம் பெயர்ந்தது. அடுத்த பள்ளத்தில் முழங்கால் சிராய்ந்தது. குட்டை நாற்றம் மூக்கில் ஏற, மேலே சுவடிகள் சரிய, அலறினார்:

"அடப்பாவிகளா! முன்னால் என்ன இருக்கிறதென்று வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்களேண்டா!"

திருக்கொழுந்து ஓலையும் எழுத்தாணியுமாக ஓடிவந்தார். "ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன். தாங்கள் படித்ததில் இந்த ஒரு வரிதான் விட்டுப்போயிருக்கிறது!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தூக்கிகளுக்குத் தண்டனை போய் வேலையும் திரும்பக் கிடைத்தது, ஆளுக்கொரு பட்டு வேட்டியும் கிடைத்தது. திருக்கொழுந்துக்கு ராஜாவின் மோதிரம்.

வித்யாதரருக்கும் குறை வைக்கவில்லை. "படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்" என்றார் ராஜா. "மீதியைப் பின்தண்டைப் பிடித்துக்கொண்டே படியும்!"