மூன்று மீட்டர் குழாய்

"நுரையைத் தவிர வேற ஒண்ணும் வரமாட்டேங்குது, டீச்சர்."

வேலப்பன் காரின் பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஓர் எஃகுப் பீப்பாய் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பத்தொன்பது லிட்டர் பீர். அவரே காய்ச்சி, அவரே புளிக்கவைத்து, அவரே அடைத்தது.

மெல்பர்ன் நகரத்தின் ஓரத்தில் பிரிஸ்காவின் வீடு. சனிக்கிழமைகளில் தன் கார் கொட்டகையில் ஆறேழு பேருக்கு பீர் காய்ச்சச் சொல்லிக்கொடுப்பாள். தூத்துக்குடிக்காரி. வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம். வயது முப்பத்துநான்கு.

வேலப்பனுக்கு அறுபத்தொன்று. நாகர்கோவில்காரர். முப்பது வருடம் கப்பல்களின் எஞ்சின் அறையில் கிடந்தவர். அழுத்தம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் கூடுதல் வெட்கம்.

என்ன செய்தீர்கள் என்று பிரிஸ்கா கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார். கரியமில வாயுவை நாற்பது பவுண்டு அழுத்தத்தில் திறந்துவிட்டு, பீப்பாயைத் தரையில் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் காலால் உருட்டினாராம்.

"எதுக்கு உருட்டினீங்க?"

"வாயு சீக்கிரம் உள்ளே போகத்தான்."

"போச்சா?"

"போச்சுன்னுதான் நெனச்சேன்."

அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தாள். அடி முதல் விளிம்பு வரை நுரை. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலப்பன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் நுரை அடங்கியது. அடியில் மூன்று விரல் பீர் மிஞ்சியது. குடித்துப் பார்த்தார். உப்புப் போடாத கஞ்சித் தண்ணீர்போல இருந்தது.

பிரிஸ்கா திரும்பி வந்தாள்.

"வாயு உள்ளே குடியிருந்துச்சா, அண்ணாச்சி? இல்ல, எட்டிப் பார்த்துட்டுப் போயிருச்சா?"

கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ கப்பல்களில் வாயுவை அடைத்திருக்கிறார், திறந்துவிட்டிருக்கிறார். தண்ணீருக்குள் அது எங்கே போய் உட்காருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அதையே அவளிடம் கேட்டார்.

அவள் டம்ளரைத் தொடச் சொன்னாள். "எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு."

"உங்களை இதுக்குள்ள உட்காரச் சொன்னா உட்காருவீங்களா?"

பீப்பாயின் தலையிலிருந்த வளையத்தை அவள் இழுத்தாள். உள்ளே திணித்த வாயுவெல்லாம் சீறிக்கொண்டு வெளியேறியது. வெகுநேரம் சீறியது. பிறகு சொன்னாள்: முதலில் குளிரவேண்டும். நன்றாகக் குளிர்ந்தபின் பன்னிரண்டு பவுண்டு அழுத்தத்தில் வாயுவைத் திறந்து வைக்கவேண்டும். பத்து நாள்.

"அந்தப் பத்து நாளும் நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது."

அவள் கேட்காமலேயே அவர் விஷயத்தைச் சொன்னார்.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் சுகிர்தா போனில் அழைத்து, ஈவன் என்றொருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்குமுன் இவர் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார். என்ன பேசினார் என்பதை டீச்சரிடம் சொல்ல வாய் வரவில்லை. மனைவி லீலா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மகள் அம்மாவிடம்தான் பேசுகிறாள்.

லீலா எப்படியோ சமாதானம் பண்ணியிருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஞாயிறு மதியம் மகள் வீட்டுக்கு வருகிறாள். ஈவனும் அவன் அப்பாவும் கூட வருகிறார்கள். அப்பா டங்கன், வடக்கே பார்லி பயிரிடுகிற விவசாயி.

"பார்லிக்காரர்கிட்ட நான் என்னத்தப் பேச? பீரும் பார்லியிலதான். அந்தப் பார்லியே பேசட்டும்னு நெனச்சேன்," என்றார் வேலப்பன்.

பிரிஸ்கா பீப்பாயை மறுபடி காரில் ஏற்ற ஒரு கை கொடுத்தாள்.

*

குளிர்ப்பெட்டியில் பீப்பாய் மறுநாள் குளிர்ந்தது; பன்னிரண்டு பவுண்டில் வாயுவைத் திறந்து வைத்தார். அதற்கு மறுநாள் வேலப்பன் ஒரு வாய் பிடித்துக் குடித்துப் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். நான்காம் நாள் பிரிஸ்காவுக்குப் போன் போட்டு, முதல் நாள் சப்பென்று இருந்தது, நேற்று கொஞ்சம் சப்பென்று இருந்தது, இன்று அதைவிடக் கொஞ்சம் என்று விவரம் சொன்னார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"குழம்பு கொதிக்கும்போது நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறக்கிற ஆளை மதினி அடுக்களைக்குள்ள விடுவாங்களா, அண்ணாச்சி?"

வேலப்பன் குளிர்ப்பெட்டி இருந்த அறையைப் பூட்டிச் சாவியை லீலாவிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூடிய கதவுக்குமுன் அவர் சில நேரம் நின்றார். சத்தம் எதுவும் வரவில்லை. எஞ்சின் அறையில் வேலை நடந்தால் சத்தம் இருக்கும். சத்தம் நின்றால்தான் பயம். இங்கே சத்தமே இல்லாமல் என்ன நடக்கிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

விருந்துக்கு முந்தின நாள் சாவியை வாங்கித் திறந்தார். ஒரு வாய் குடித்ததும் நாக்கில் சுருக்கென்றது. மூக்கில் ஏறியது. யாரும் உருட்டவில்லை, குலுக்கவில்லை. வாயு உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

ஆனால் டம்ளரில் முக்கால்வாசி இன்னும் நுரைதான்.

போன் போட்டார். வகுப்பு முடிந்ததும் பிரிஸ்கா நேரிலேயே வந்தாள். பீரைக் குடித்துப் பார்க்கவில்லை. அழுத்தமானியைப் பார்க்கவில்லை. பீப்பாய்க்கும் பீர் பிடிக்கும் திருகுக்கும் நடுவில் இருந்த குழாயைப் பார்த்தாள். ஒரு சாண் நீளம்.

அதைத் தானே நறுக்கியதாக வேலப்பன் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. குழாய் எவ்வளவு குட்டையோ அழுத்தச் சேதாரம் அவ்வளவு குறைவு, கப்பலில் முதலில் சொல்லித்தருவதே அதுதான் என்றார்.

அவள் பையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தாள். மூன்று மீட்டர். சாண் குழாயைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். மீதியைப் பீப்பாயின் தலையில் வளையம் வளையமாகச் சுற்றி வைத்தாள்.

"இவ்வளவு சுத்தி வந்தா வேகமெல்லாம் குறைஞ்சிருமே, டீச்சர்."

"ஆமா."

"பன்னிரண்டு பவுண்டுல கிளம்புறது வெளியே வரும்போது ஒண்ணுமில்லாமப் போயிருமே."

"ஆமா, அண்ணாச்சி. வேகமா வந்து மோதினாத்தானே நுரை?"

லீலா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

அவர் திருகைத் திறந்தார். எண்ணெய் ஒழுகுவதுபோல, அலட்டிக்கொள்ளாமல் பீர் இறங்கியது. மேலே இரண்டு விரல் நுரை. மூடினார், திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார். வளையங்களின்மேல் விரலை ஓட்டி, எந்த இடத்தில் வேகம் போகிறது என்று தேடினார். அப்படி ஓர் இடம் அகப்படவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். டங்கன் பெரிய உருவம், கூச்சக்காரர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். சுகிர்தா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா பக்கம் திரும்பவில்லை.

வேலப்பன் டங்கனுக்கும் ஈவனுக்கும் பீர் பிடித்துக் கொடுத்தார். டங்கன் குடிக்குமுன் மோந்து பார்த்தார். எந்த ஊர்ப் பார்லி என்று கேட்டார். பேச்சு அங்கே பிடித்துக்கொண்டது. மழை பொய்த்த ஒரு வருடத்தைப் பற்றி அவர் சொன்னார். நடுக்கடலில் கொதிகலன் நின்றுபோன ஒரு வாரத்தைப் பற்றி இவர் சொன்னார். லீலா மீன் குழம்பு பரிமாறினாள்.

அப்போது சுகிர்தா ஒரு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேராக அவரிடம் வந்தாள்.

"எனக்கும் ஒண்ணு, அப்பா."

எட்டு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

லீலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மகள் குடிப்பாள் என்பதே வேலப்பனுக்குத் தெரியாது. தொண்டைக்குள் சொற்கள் ஏறி வந்தன. அன்று போனில் கொட்டிய அதே மாதிரிச் சொற்கள் என்று அவருக்குத் தெரியும். மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் டம்ளரை வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். திருகைத் திறந்தார்.

பீர் மெதுவாகத்தான் வந்தது. டம்ளர் நிறையும்வரை நிற்கவேண்டும். நின்றார். பக்கத்தில் அவள் கை இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்கு ஒரு சூட்டுத் தழும்பு. ஆறியிருந்தது. முன்பு கிடையாது.

டம்ளர் நிறைந்தது. அவர் திருகை மூடி, டம்ளரை அவளிடம் கொடுத்தார்.

"கையில என்னம்மா தழும்பு?"

சுகிர்தா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது பெரிய கதை, அப்பா."

வேலப்பன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"சொல்லு."