கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே

குரு சீடரைவிட இருபது வயது இளையவள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சீடர் ஒருமுறை தெருவில் நின்று கேட்டதால், ஊரில் யாரும் சிரிப்பதில்லை.

சீடரின் பெயர் பேச்சிக்கனி. ஒரு காலத்தில் ஊராட்சி உறுப்பினராக இருந்த அம்மாள். தலைவர் வாயைத் திறப்பதற்குள் இவர் கேள்வி கேட்டுவிடுகிறார் என்பதற்காகவே அடுத்த தேர்தலில் எல்லோரும் சேர்ந்து நின்று தோற்கடித்தார்கள். குருவின் பெயர் ஜெசிந்தா. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவள். கடலில் குளிக்க வருகிறவர்கள் மணலில் தொலைக்கிற கம்மலையும் மோதிரத்தையும் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக் கொடுப்பதுதான் இப்போது அவள் தொழில். பேச்சிக்கனியின் கம்மலையும் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தாள். கம்மலை வாங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கும் சொல்லிக்கொடு தாயி என்று அங்கேயே நின்றுவிட்டார்.

ஜெசிந்தா ஒரே ஒரு விதிதான் போட்டாள்.

"மெஷின் பொய் சொல்லாதுக்கா. அதைப் பிடிச்சிருக்கவங்களும் சொல்லக் கூடாது."

முதல் வாரமே பேச்சிக்கனி ஒரு கூத்து பண்ணினார். மெஷினின் கைப்பிடி ஓரத்தில் ஒரு திருகு உண்டு. கூட்டி வைத்தால் ஆழத்தில் கிடக்கிற குண்டூசிக்கும் கத்தும். அடியோடு குறைத்துவிட்டால் ஆணி மூட்டைமேல் நடந்தாலும் வாய் திறக்காது. கட்டைவிரல் பட்டு அது குறைந்துபோனது தெரியாமல் பாதிக் கடற்கரையை நடந்து முடித்துவிட்டு, இங்கே ஒரு மண்ணும் இல்லை என்று தீர்ப்பும் சொன்னார். ஜெசிந்தா திருகைத் தொட்டுக் காட்டினாள்.

"செவிட்டு மெஷினைக் கூட்டிக்கிட்டு நடந்திருக்கீங்க."

தேடக் கற்ற பிறகு தோண்டுவதில் வந்து நின்றார். ஜெசிந்தாவின் பையில் மூன்று கருவிகள் இருந்தன. கைப்பிடி அறுத்த மண்வெட்டி ஒன்று. கொத்தனார் கரண்டி ஒன்று. மூன்றாவது, லாரியின் இரும்புப் பட்டையை அடித்துச் செய்த கைக்கொத்து. கத்திபோல ஒடுங்கியது, ஒரு பக்கம் வேரறுக்கப் பல் வைத்தது, புல்லில் விழுந்தால் கண்ணுக்குப் படும்படி பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. இதில் எது நல்லது என்று பேச்சிக்கனி கேட்டார்.

ஜெசிந்தா பையைத் தூக்கித் தோளில் போட்டாள். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருந்த புல்தரைக்குக் கூட்டிப்போனாள். மூன்றாலும் ஒவ்வொரு குழி தோண்டச் சொன்னாள். பிறகு மூடச் சொன்னாள். மறுநாள் காலையில் அங்கேயே கொண்டுவந்து விட்டு, நேற்றைய குழிகள் எங்கே என்றாள்.

மண்வெட்டிக் குழி எருமை புரண்ட இடம்போல் கிடந்தது. கரண்டிக் குழியில் புல் வாடி மஞ்சளாகியிருந்தது. கைக்கொத்தால் மூன்று பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தைக் கதவு மாதிரி விட்டுத் திறந்து மூடிய குழியை மட்டும் பேச்சிக்கனியால் கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து தேடினார். முழங்காலில் தவழ்ந்து தேடினார். கோபம் வந்தது.

"நாம எடுத்துக் கொடுக்கவங்களா, ஒளிச்சு வைக்கவங்களா?" என்றார்.

ஜெசிந்தா கைக்கொத்தை அவரிடம் நீட்டினாள். "இது என் கொத்து. ஒழுங்கா வேலை செய்யிற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

அன்று கடற்கரையில் சோடா மூடிகளும் ஒரு துருப்பிடித்த கதவுக் கீலும்தான் கிடைத்தன. தோண்டிய குப்பையை அங்கேயே போடக் கூடாது என்பது வழக்கம். அதனால் பேச்சிக்கனி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில்தான் வேல்ராஜ் பைக்கை நிறுத்தினார்.

வேல்ராஜ் மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரர். மனைவி கழுத்துச் சங்கிலியைத் தோட்டத்தில் தவறவிட்டுவிட்டாள், அவளுக்கு எதிலும் கவனம் கிடையாது, வந்து தேடிக் கொடுங்கள் என்றார். அவர் சொன்ன விதத்தில் சங்கிலியும் மனைவியும் தோட்டமும் ஒரே பட்டியலில் இருந்தன.

தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கிணறு, இரண்டு தென்னை, மூலையில் ஒரு கறிவேப்பிலைச் செடி, தரையெல்லாம் அருகம்புல். ஜெசிந்தா கிணற்றுப் பக்கமிருந்து மெஷினை வீசத் தொடங்கினாள். வேல்ராஜுக்கு லாரி விஷயமாகப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

அவர் மனைவி சந்தனமாரி மோர் கொண்டுவந்தாள். கல்யாணமாகிச் சில வருஷம்தான் இருக்கும். டம்ளரைப் பேச்சிக்கனியிடம் கொடுத்தவள் கையை எடுக்கவில்லை.

"தவறவிடலக்கா. நான்தான் புதைச்சேன்."

பேச்சிக்கனி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"எங்கம்மா போட்டதுல மிச்சம் அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் லாரிக்கு டயராப் போச்சு. எனக்கு நர்சிங் படிக்க இடம் கிடைச்சிருக்கு. அதை வச்சுத்தான் சேரணும்." அவள் கண் கறிவேப்பிலைச் செடிக்குப் போய்த் திரும்பியது. "அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க."

வேல்ராஜ் திரும்பி வந்தார். நேராக அந்தச் செடியைத்தான் கைகாட்டினார்.

"அங்க பாருங்க. சும்மா சும்மா அந்த மூலையிலதான் போயி நிக்கா."

ஜெசிந்தா போனாள். மெஷினின் நுனியிலிருந்த வட்டு செடியின் அடியில் ஊர்ந்தது. மெஷின் கத்தியது. இரும்புக்கு அது உறுமும். இது கோயில் மணிபோலத் தெளிவாக இருந்தது. நாலு பேரும் கேட்டார்கள். சந்தனமாரியின் முகத்தைப் பார்க்கப் பேச்சிக்கனிக்குத் துணிவில்லை.

வேல்ராஜ் சுவரோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்து ஓங்கினார். பேச்சிக்கனி ஓடிப்போய்ச் செடிக்கு முன்னால் நின்றார்.

"வெட்டுங்க. சங்கிலி ரெண்டாப் போகும். அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது."

ஓங்கிய மண்வெட்டி மெல்லத் தாழ்ந்தது. பேச்சிக்கனி எல்லோருக்கும் முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார்ந்தார்.

கொத்து சத்தமில்லாமல் இறங்கியது. மூன்று பக்கம் அறுத்தார். புல்லைக் கதவுபோலத் திறந்தார். விரல்விட்டு மண்ணைக் கிளறியதும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவின் விளிம்பு மின்னியது. அதைத் திரும்ப மண்ணால் மூடினார்.

யாருடைய நகை என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. தோட்டம் வேல்ராஜுடையதாக இருக்கலாம். அம்மா மகளுக்குப் போட்டது எப்படி அவருடையதாகும்? இதை ஊராட்சிக் கூட்டத்தில் கேட்டால் ஆயிரம் பதில் சொல்வார்கள். இங்கே கேட்க நேரமில்லை. ஜெசிந்தாவின் விதியும் நினைவுக்கு வந்தது. போனால் போகட்டும், இன்றோடு சீடர் வேலை முடிந்தது என்று முடிவு செய்தார். இடுப்புப் பையில் கைவிட்டார். கீலை எடுத்தார். ஈர மண்ணை அப்பித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"கதவுக் கீல்."

வேல்ராஜ் நம்பவில்லை. மறுபடி மெஷினை விட்டுப் பாருங்கள் என்றார்.

பேச்சிக்கனி கீலைப் பைக்குள் போட்டார்; புல்கதவை மூடி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு எழுந்தார். குருவின் முகத்தை நேராகப் பார்த்தார். தலை குனியவில்லை.

ஜெசிந்தா முன்னே வந்தாள். வட்டைத் தரையோடு தரையாக வைத்தாள். அவள் கட்டைவிரல் கைப்பிடி ஓரத்தில் ஒருமுறை மெல்ல அசைந்தது.

மெஷின் கத்தவில்லை.

செடியைச் சுற்றி வந்தாள். நின்று நிதானமாக, மண்ணை நக்குகிற மாதிரி வட்டை ஓட்டினாள். ஒரு முனகல்கூட இல்லை. தோட்டம் முழுக்க வீசி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"கத்தலையே அண்ணாச்சி."

வேல்ராஜ் மனைவியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பொம்பளைங்களை நம்பி வேலை கொடுத்தேன் பாரு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மறுபடி போன் அடித்தது. போய்விட்டார்.

சந்தனமாரி மோர்ச் செம்பைக் கழுவ எடுத்துப்போகிறவள்போல வந்து, அதில் மொண்டிருந்த தண்ணீரைப் புல்வெட்டின்மேல் ஊற்றினாள். அறுத்த கோடு மறைந்தது.

"செடி நல்லா இருக்கு," என்றார் பேச்சிக்கனி, வாசலுக்கும் கேட்கிற குரலில். "கொஞ்சம் இலை பறிக்க நாளைக்கு வாரேன்."

"வாங்கக்கா. அவரு காலையிலயே லோடு ஏத்தப் போயிருவாரு," என்றாள் சந்தனமாரி, வாசலுக்குக் கேட்காத குரலில்.

இருவரும் தெருமுனைக்கு வந்தார்கள். பேச்சிக்கனி நின்றார். ஜெசிந்தா திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்து, தான் முந்திக்கொண்டார்.

"மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னியே தாயி."

"அது எங்கக்கா பொய் சொல்லுச்சு? அதுக்குக் காது கேக்கலை."

"நான் சொன்னேன்லா?"

ஜெசிந்தா நடந்துகொண்டே இருந்தாள். பேச்சிக்கனி எட்டிப் பிடித்து, சிவப்புத் துணி சுற்றிய கைக்கொத்தை அவளுக்கு முன்னால் நீட்டினார்.

"இந்தா, உன் கொத்து. விதியை மீறிட்டேன், போகச் சொன்னாப் போயிருதேன். ஆனா நான் பண்ணது தப்புன்னு மட்டும் சொல்லாத. நாளைக்கும் இதைத்தான் பண்ணுவேன்."

ஜெசிந்தா கொத்தைத் தொடவில்லை. இடது கையை நீட்டினாள்.

"கொத்து உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தக் கீலைக் குடுங்க."

பேச்சிக்கனி பைக்குள் துழாவி எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா வெயிலில் அதைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்து மண்ணை நகத்தால் சுரண்டினாள்.

"சிப்பி ஒட்டியிருக்கு பாருங்க," என்றாள். "தோட்டத்து மண்ணுக்குள்ள ஏதுக்கா கடல் சிப்பி? நாளைக்கும் இதைத்தான் பண்ணுவீங்கன்னா, முதல்ல சிப்பியைச் சுரண்டிட்டு எடுங்க."