உடும்பு வாங்கிய முள்செருப்பு

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில் உடும்புக்கு நகம் கிடையாது. அதன் பாதம் தவளையின் பாதம்போல மெத்தென்று இருக்கும். மலையடிவாரத்தில் ஒரு கற்குவியல்தான் அதன் வீடு. பக்கத்துக் குடிசையில் இருந்த மாதியை அது "அக்கா" என்றுதான் கூப்பிடும். மாதி மீன் சுட்டால் உடும்புக்கும் ஒரு பங்கு உண்டு.

மாதியின் புருஷன் செவணன் தேன் எடுப்பவன். ஒருநாள் செங்குத்துப் பாறையில் அவன் பாதி உயரம் ஏறியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் விடவில்லை. பாறை முழுக்கப் பாசி வழுக்கியது. இறங்க வழியில்லாமல் ஒரு சின்ன விளிம்பில் ஒண்டிக்கொண்டான். விடிந்ததும் மாதி தேடிவந்து பாறையடியில் நின்றபோது, "மாதி, கையெல்லாம் மரத்துப்போச்சு" என்று அவன் கூப்பிட்ட குரல் கீழே வந்து சேரவே சிரமப்பட்டது.

மாதி அழுதுகொண்டு நிற்கவில்லை. காரை முள்ளை ஒடித்தாள். தணலில் வாட்டிக் கெட்டிப்படுத்தி, மான்தோலில் நெருக்கமாகக் குத்தி, பாதத்தில் கட்டிக்கொள்ளும்படி செருப்பாக்கினாள். முள் பாசியைக் கிழித்துப் பாறையைக் கவ்வியது. ஆனால் அவள் நிறைமாதக்காரி. கொஞ்ச தூரம் ஏறியதுமே பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த உடும்பு, "என்கிட்ட குடு அக்கா. நான் லேசானவன். காட்டுக்கொடியைக் கயிறா இடுப்புல கட்டிக்கிட்டு மேலே போய், பாறை இடுக்குல புகுந்து பிடிச்சுக்கிறேன். மச்சான் கொடியைப் பிடிச்சு இறங்கட்டும்" என்றது.

"அவரு கனத்தை நீ தாங்குவியா?"

"உயிரே போனாலும் விடமாட்டேன்."

அவளுக்கு வேறு வழியும் இல்லை. செருப்பை நான்காக அறுத்து உடும்பின் கால்களில் வரிந்து கட்டினாள். கொடியின் நுனியை அதன் இடுப்பில் சுருக்கிட்டு அனுப்பினாள்.

உடும்பு சரசரவென்று ஏறியது. செவணனைத் தாண்டி, மேலே ஓர் இடுக்கில் புகுந்து, நான்கு காலையும் ஊன்றியது. "இறங்கு மச்சான்!"

செவணன் கொடியைப் பற்றித் தொங்கினான். அவன் பாரம் இழுக்க இழுக்க, முட்களின் அடிப்பகுதி தோலைத் துளைத்து உடும்பின் பாதத்துக்குள் ஏறியது. ரத்தம் கசிந்தது.

"மச்சான், சீக்கிரம்! வலிக்குது!"

"கொஞ்சம் பொறுத்துக்கடா. பாதி வந்துட்டேன்."

உடும்பு பொறுக்கவில்லை. வயிற்றை எக்கி, உடம்பை நெளித்து, சுருக்கிலிருந்து நழுவிக்கொண்டது. செவணன் கொடியோடு கீழே போனான்.

வெகுநேரம் கழித்து உடும்பு இறங்கி வந்தது. மாதி உயிர் போன செவணனின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"கொடி அறுந்துபோச்சு அக்கா" என்றது.

மாதி கொடியை முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள். அறுந்த இடம் எங்குமில்லை. நுனியில் அவள் போட்ட சுருக்கு அப்படியே வட்டமாக இருந்தது. அதை உடும்பின் முன்னால் எறிந்தாள். உடும்பு தலையைத் தொங்கப் போட்டது.

"கட்டை அவிழ்த்து விடு அக்கா. முள்ளு குத்துது."

"அவிழ்க்கமாட்டேன். அது உன் சதையோட சதையா முளைக்கட்டும். விடக்கூடாத நேரத்துல விட்ட. இனிமே விட வேண்டிய நேரத்துலயும் உனக்கு விடத் தெரியாமப் போகட்டும்!"

அன்று முதல்தான் உடும்பின் விரல்களில் வளைந்த முள்ளாக நகம் நிற்கிறது. பொந்துக்குள் இருக்கும்போது வேட்டைக்காரன் வாலைப் பிடித்து இழுத்தால், பிடியை விட்டு ஓடத் தெரியாமல், கல்லை இறுகப் பற்றியபடியே அது சாகிறது. பிடித்தால் உடும்புப்பிடி என்று ஊரெல்லாம் மெச்சுகிறது. மாதியின் வம்சத்தார் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை.