தும்பி எழாத வீச்சு

தேன்மலை நாட்டு மன்னர் மகுடவர்மருக்குத் திடீரென்று ஒரு விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு. நீளமான கோலை வீசிப் பந்தை அடிக்க வேண்டும். பந்து பறந்து போய்த் தூரத்துக் குழியில் விழ வேண்டும். இன்றைக்குக் கோல்ஃப் என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

மன்னர் அடித்தால் பந்து பறக்காது. நாலு முழம் உருண்டு, கொஞ்சம் யோசித்து, நின்றுவிடும்.

"கோல் சரியில்லை" என்பார் மன்னர்.

"கோல்தான் சரியில்லை மன்னா! உங்கள் வீச்சு மின்னல் அல்லவா? அதைத் தாங்க இன்னும் விறைப்பான காம்பு வேண்டும்" என்பார் தளபதி ரணகேசரி.

அரண்மனைத் தச்சர் நல்லகண்ணு ஆசாரி தேக்கில் காம்பு போட்டார். பந்து உருண்டது. வேங்கையில் போட்டார். உருண்டது. கடைசியில் இரும்பாக இறுகிய கருங்காலியில் போட்டார். பந்துக்கு உருளவும் மனம் வரவில்லை.

மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆசாரி! நாளைக் காலையில் என் வீச்சுக்கு ஏற்ற கோல் வர வேண்டும். வராவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுக் கிளம்பு!"

ஆசாரி நேராக அரசவை விகடர் சிற்றம்பலத்தின் வீட்டுக்கு ஓடினார். சிற்றம்பலம் அப்போதுதான் இலையில் மோர்க்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஐயா, மக பிரசவத்துக்கு வந்திருக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அவளக் கூட்டிக்கிட்டு எந்த நாட்டுக்குப் போவேன்?"

"மன்னருக்கு எந்தக் கோல் ஏற்றது என்று உமக்குத் தெரியாதா என்ன?"

"தெரியாம என்னங்கய்யா? வேகமா வீசுறவங்களுக்கு விறைப்பான காம்பு. மெதுவா வீசுறவங்களுக்கு வளைஞ்சு கொடுக்கிற காம்பு. அது வளைஞ்சு நிமிரும்போது தானே பந்தைத் தூக்கி எறியும். பிரம்புல ஒண்ணு செஞ்சே வெச்சிருக்கேன்."

"பிறகென்ன? கொண்டுபோய்க் கொடும்."

"என்னன்னு சொல்லிக் கொடுக்க? 'உங்க வீச்சு மெதுவா இருக்கு மகாராஜா'ன்னா?"

பிசைந்த சோறு சிற்றம்பலத்தின் கையிலேயே நின்றுவிட்டது. அதைச் சொன்னால் சொன்னவனும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான். ஆசாரியாவது போன இடத்தில் மரம் செதுக்கிப் பிழைத்துக்கொள்வார். சிற்றம்பலத்துக்கு வாயைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஆனாலும், "கோலை எடுத்துக்கொண்டு காலையில் வாரும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

பொழுது விடிந்தது. மைதானத்தில் மன்னர் காத்திருந்தார். பக்கத்தில் தளபதி.

"எங்கே கோல்?"

"கொண்டுவந்திருக்கிறோம் மகாராஜா. அதற்கு முன் கருங்காலிக் கோலை ஒரே ஒரு முறை வீசிக் காட்டுங்கள். வீச்சைப் பார்த்தால்தானே அளவு தெரியும்?" என்றார் சிற்றம்பலம்.

மன்னர் கோலை எடுத்து நின்றார். எங்கிருந்தோ ஒரு தும்பி வந்து கோலின் நுனியில் உட்கார்ந்தது. மன்னர் வீசினார். கோல் மேலே போயிற்று. கீழே வந்தது. பந்தை ஒரு இடி இடித்து நின்றது.

தும்பி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். மன்னரும் பார்த்தார்.

"மின்னல்!" என்று கத்தினார் தளபதி.

ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

சிற்றம்பலம் முன்னால் வந்து கும்பிட்டார். "தளபதியார் சொன்னது சத்தியம். மகாராஜாவின் வீச்சு மின்னலேதான். ஆனால் கோலில் ஒரு ஜீவன் உட்கார்ந்திருக்கிறதே! அது மிரளக் கூடாதென்று மகாராஜா கையை அடக்கி வீசினார். இந்தக் கருணை வேறு யாருக்கு வரும்?"

மன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமாம். அடக்கித்தான் வீசினேன்."

"நேற்றும் அப்படித்தானே மகாராஜா?"

"நேற்றும் ஏதோ ஒரு பூச்சி இருந்தது."

"பாருங்கள்! பாவம் ஆசாரி, மகாராஜாவின் வேகத்துக்குக் காம்பு போட்டார். கருணையைச் சேர்க்க மறந்துவிட்டார். இரவெல்லாம் அதை நினைத்து வருந்தி, இதோ, கருணைக்கென்றே ஒரு பிரம்புக் கோல்!"

மன்னர் கருங்காலியை மெதுவாகப் புல்லில் வைத்துவிட்டுப் பிரம்பை வாங்கி வீசினார். காம்பு வளைந்தது. நிமிர்ந்தது. பந்து விர்ரென்று எழும்பி, மாமரத்தைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. ஆசாரி அப்பாடா என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மன்னர் துள்ளினார். "கருணையோடு அடித்தே இவ்வளவு தூரமா! கருணை இல்லாமல் அடித்தால்? எடு அந்தக் கருங்காலியை. முழு வேகத்தையும் காட்டுகிறேன்!"

சிற்றம்பலம் இதை எதிர்பார்க்கவில்லை. மன்னர் கோலைத் தூக்கிவிட்டார். தும்பி இன்னும் அதில்தான் இருந்தது. ஆனால் கருணை வேண்டாமென்று மன்னரே சொன்ன பிறகு, இனி அதைக் காட்டித் தப்ப முடியாது. சிற்றம்பலம் அங்குமிங்கும் பார்த்தார். எதிரே மலை தெரிந்தது.

"தாராளமாக வீசுங்கள் மகாராஜா. ஒரே ஒரு சங்கடம். அந்த வேகத்தில் பந்து மலையைத் தாண்டிப் புலிவயல் நாட்டுக்குள் போய் விழும். அங்கே நம் ஆளைக் கண்டாலே வெட்டுவார்கள். போய் எடுத்துவர ஒரு மாவீரர் வேண்டும். அதனால் என்ன, தளபதியார்தான் இருக்கிறாரே!"

"சரிதான். ரணகேசரி, குதிரையில் ஏறு!"

தளபதி ஓரடி பின்வாங்கினார். "மன்னா... அவ்வளவு தூரமெல்லாம் போகாது மன்னா."

"ஏன் போகாது?"

"அது... காற்று... பந்தும் கொஞ்சம் கனம்..."

"என் வீச்சு மின்னல் என்று சொன்னது நீதானே?"

"மின்னல்தான் மன்னா! அதில் சந்தேகமே இல்லை." தளபதி மலையைப் பார்த்தார். தும்பியைப் பார்த்தார். "ஆனால்... கொஞ்சம் நிதானமான மின்னல்."

மன்னரின் மீசை துடித்தது. உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது.

"நிதானமான மின்னலாம்! சிற்றம்பலம், கேட்டாயா? இத்தனை நாள் கழித்து இவன் வாயிலிருந்து ஒரு உண்மை வந்திருக்கிறது! அதற்காக உனக்கு ஒரு முத்துமாலை. ஆசாரி, நீ எங்கேயும் போக வேண்டாம். உன் மகளுக்கு அரண்மனைத் தொழுவத்திலிருந்து ஒரு கறவை மாடு ஓட்டிக்கொண்டு போ!"

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். கிரீடம் நழுவிக் காதில் மாட்டிக்கொள்ளும்வரை சிரித்தார். கையிலிருந்த கருங்காலிக் கோல் கிடுகிடுவென்று ஆடியது.

அப்போதுதான் தும்பி எழுந்து பறந்தது.