மாப்பிள்ளை தங்கத் தகுந்த இடம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் இந்த ஒற்றைப் பல்லும் இப்போதே கொட்டிப் போகட்டும்! சத்தியம், சத்தியம், மூன்றாம் தரமும் சத்தியம். ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், அசையவில்லை. ஆகவே நம்பிக் கேளுங்கள்.

திருமுடிப்பட்டணத்து ராஜா வீரகேசவன், தலை ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்திருந்தார். மாப்பிள்ளை பெயர் மகரகேது. ஆள் அரை ஆள். மீதி அரை ஆளும் தலைப்பாகை. அது கோட்டை வாசலில் இடித்ததால் வாசலை இரண்டு முழம் உயர்த்திக் கட்டினார்கள். வேட்டியின் விசிறி மடிப்பு கலையக்கூடாது என்று தேரில் நின்றுகொண்டே ஏழு காதம் வந்தவர் அவர்.

வந்தவர் சும்மா இருந்தாரா? கையில் ஓலையும் எழுத்தாணியும் எடுத்துக்கொண்டார்.

"நன்றாக உடுத்தும் கனவான் இந்த ஊரில் எங்கே துணி வாங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று எழுதப்போகிறேன், மாமா. என் ஓலையைப் பார்த்துத்தான் தேசத்துக் கனவான்கள் எல்லாம் கிளம்புவார்கள்."

"எழுதுங்கள் மாப்பிள்ளை! உங்களுக்குப் பிடிக்காத கடை என் ஊரில் எதற்கு? மூடிவிடுகிறேன்" என்றார் ராஜா. மாப்பிள்ளை முறுக்குக்கு ராஜாவென்ன, யாராயிருந்தாலும் பயந்துதானே ஆகவேண்டும்.

முதலில் சொக்கலிங்கத்தின் துணிக்கடை. பட்டைத் தொட்டுப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "இதே கரையை எதிரே போகிறவனும் கட்டியிருக்கிறானே! சீ!" கடைக்கு முத்திரை விழுந்தது.

அடுத்தது அஞ்சலையின் சாப்பாட்டுக்கடை. "பக்கத்து இலைக்காரன் ரசத்தை உறிஞ்சுகிறான். அந்தச் சத்தம் என் அங்கவஸ்திரத்தில் படுகிறது!" அடுப்பு அணைந்தது.

மூன்றாவது உலகநாதனின் சத்திரம். "நேற்று எவனோ படுத்த அறையில் நானா?" அதற்கும் பூட்டு.

மூன்று பேரும் விகடகவி கோனேரியிடம் ஓடினார்கள்.

"ஐயா, நாளைக்கு நாங்கள் எதைத் தின்பது?" என்று அழுதாள் அஞ்சலை. "அந்தத் தலைப்பாகையை வேகவைத்தாலும் வேகாதே!"

கோனேரி சபைக்குப் போனார். ராஜா முந்திக்கொண்டார். "நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை மெச்சும் இடம் ஒன்றைக் காட்டு. மூன்றையும் திறக்கிறேன். முடியாவிட்டால் அவர்களோடு நீயும் ஊரைவிட்டுக் கிளம்பு!"

கோனேரி மாப்பிள்ளையிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"மாப்பிள்ளை மனசுக்கு எப்படி இருக்கவேண்டும்?"

"கேட்டுக்கொள். துணி வாங்க நான் போகக்கூடாது, துணி என்னிடம் வரவேண்டும். நான் சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு ஈ இருக்கக்கூடாது. தங்கும் இடத்தில் இரவும் பகலும் காவல் வேண்டும். கண்ட பயலும் உள்ளே வரமுடியாதபடி இருக்கவேண்டும். உங்கள் பட்டிக்காட்டில் அப்படி ஏதாவது உண்டா?"

"மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதே, மாப்பிள்ளை! ஏறுங்கள் பல்லக்கில்."

வடக்கு மதிலோரம் ஒரு கட்டடம். ஆனை முட்டினாலும் அசையாத சுவர். ஈட்டிக்காரர் நால்வர் வாசலில் நின்றார்கள். கோனேரி அவர்கள் காதில் ஏதோ ஓதினார். ஒருவன் மாப்பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், மச்சம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டான்.

"மச்சம்கூடக் கேட்கிறார்களே! இதுவல்லவா உபசாரம்!"

உடை வந்தது. கோணி மாதிரி முரட்டுத் துணி, மார்பில் நாற்பத்தேழு என்று தைத்திருந்தது.

"எண் போட்டிருக்கிறதே? அப்படியென்றால் இன்னொருத்தனுக்குக் கிடையாது!" பட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டிக்கொண்டார்.

கதவில் ஒரு பொந்து. அதன் வழியாகக் கேழ்வரகுக் கூழ் வந்தது. உப்பில்லை.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "உப்பில்லாமல் காய்ச்ச எவ்வளவு தைரியம் வேண்டும்! கைதேர்ந்த சமையல்காரன்!"

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"கதவைச் சாத்தக்கூட நான் எழுந்திருக்க வேண்டாமா! அடே, இங்கே எத்தனை நாள் தங்கலாம்?"

"அது உங்கள் கையில் இல்லை, ஐயா" என்றான் காவலன்.

"விருந்தாளியைப் போகவே விடமாட்டார்களாம்!" என்று மாப்பிள்ளை உருகிப்போனார். உடனே எழுதினார்: 'கனவான் என்று பிறந்தவன் உடுத்தவும் உண்ணவும் தங்கவும் தகுந்த இடம் இதுவே. மற்றவை மாட்டுக் கொட்டகை.' கீழே மோதிர முத்திரையும் வைத்துப் பொந்து வழியாக நீட்டினார்.

வெயில் இறங்குவதற்குள் ஓலை ராஜா கையில் இருந்தது. பக்கத்தில் ராணியும் இருந்தார். ராஜா வாசித்தார், பூரித்தார், மூன்றையும் அங்கேயே திறக்கச் சொன்னார். அஞ்சலை அடுப்பு மூட்ட ஓடியே போய்விட்டாள்.

"பலே கோனேரி! எங்கள் மாப்பிள்ளையை எங்கேயப்பா தங்கவைத்தாய்?"

"மாப்பிள்ளை வேறெங்கே தங்குவார், மகாராஜா? மாமியார் வீட்டில்தான்."

ராணி நிமிர்ந்தார். "இதென்ன கூத்து? மாமியார் நான் இங்கே இருக்கிறேன். என் வீட்டில் அவரைக் காலையிலிருந்து காணோமே!"

"அம்மா, உங்கள் வீட்டு ஜன்னலில் பட்டுத்திரை தொங்குகிறது. நான் சொல்வது கம்பி போட்ட மாமியார் வீடு!"

ராஜா ராணியைப் பார்த்தார். ராணி முந்தானையால் வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது. அவ்வளவுதான், ராஜா வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு கோனேரி காலடியில் விழுந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, "போய் மாப்பிள்ளையைக் கூட்டி வா" என்றார்.

"போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், மகாராஜா. ஆடி முடிகிறவரை அசையமாட்டாராம். தீபாவளிக்கும் அதே அறையைச் சொல்லி வைத்திருக்கிறார்."

கேட்டீர்களா? கேட்டதோடு விடுங்கள். அந்த வம்சத்து ஆட்கள் இன்னும் மடிப்புக் கலையாமல் நடமாடுகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெயரை மட்டும் இழுக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.