கூடு மாறிய கோழிகள்

குமரன் கரட்டின் அடிவாரத்தில் இருந்த மடத்தில் கோழிகளுக்குக் குறைவில்லை. வேண்டுதல் பலித்தவர்கள் முருகனுக்குச் சேவலை நேர்ந்து விட்டுப் போவார்கள். சேவலைத் தனியாக விட மனசு வராதவர்கள் ஒரு பெட்டையையும் சேர்த்து விடுவார்கள். சாமிக்கு விட்டதை யாரும் அறுப்பதில்லை. அதனால் அவை வயதாகிச் சாகும்வரை மடத்து வாசலில் அதிகாரம் பண்ணிக்கொண்டு திரிந்தன.

மடத்தின் குரு மரகதம்மைக்கு நாற்பது வயது. அவருடைய மூத்த சீடர் குப்பமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை ஐயா என்பார். வெளியூர்க்காரர்கள் ஆள் தெரியாமல் குப்பமுத்துவின் காலில் விழுந்து வைப்பதும் உண்டு.

அடுப்பங்கரை குப்பமுத்துவின் ராஜ்யம். பந்தியில் பரிமாறும் அன்னக்கரண்டியை வேறு யார் தொட்டாலும் அவருக்குப் பிடிக்காது.

தை மாதம் அவருடைய இறந்துபோன தம்பியின் மகள் செங்கமலம் மடத்துக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் போன பிறகு புகுந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. பிறந்த வீடு என்று ஒன்று ஏற்கெனவே இல்லை.

மடத்துப் பழைய ஆட்கள் அவளை அடிக்கவில்லை, வையவில்லை. அவள் காயப்போட்ட சேலை கொடியின் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். அவள் போட்ட கோலத்தை அழித்துவிட்டு, பூக்கட்டும் சூடாமணி வேறு கோலம் போட்டிருப்பாள். பந்தியில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இலை ஒரு சாண் தள்ளிப் போகும். யாரும் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

குப்பமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை. முதல் கரண்டிச் சோறும் கெட்டித் தயிரும் அவளுக்குத்தான் என்று ஆக்கினார். முகம் சுளித்தவர்களை எல்லார் முன்னாலும் அதட்டினார். பக்கத்து இலை ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

அந்தக் கோடையில் ஒரு தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. அதன் குஞ்சுகளைக் குப்பமுத்து அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தார். அடுப்புச் சூடு படும் இடத்தில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து உள்ளே விட்டார். நொய் போட்டார், கறையான் பிடித்துப் போட்டார். அவர் நடந்தால் குஞ்சுகளும் பின்னால் நடந்தன. ஆடி பிறந்தபோது அவை வெடைக்கோழிகளாக வளர்ந்திருந்தன. முட்டையிட இன்னும் நாள் இருந்தது. ஆனால் அடுப்பங்கரை தாங்காத அளவுக்கு எச்சம் போட்டன.

அவற்றைக் கொண்டுபோய் மற்ற கோழிகளோடு விட்டார். பழைய கோழிகள் பாய்ந்து கொத்தின. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு காவல் நின்றார். அவர் நின்றவரை ஒன்றும் நடக்கவில்லை. உலை பார்க்கப் போய்த் திரும்பி வந்தபோது இரண்டு வெடைகளின் தலையில் ரத்தம்.

அன்றைக்கே செங்கமலமும் வந்து நின்றாள்.

“பெரியப்பா, ஆடிக் கிருத்திகைக்கு வர்ற பஸ்ல ஏறித் திருப்பூர் போயிர்றேன். மில்லுல தங்க இடம் குடுத்து வேலையும் தர்றாகளாம்.”

“இங்க உனக்கு என்ன குறை?”

“குறையே இல்லாமத்தான் பாத்துக்கிறீக. அதான் போறேன்.”

அவருக்கு அது விளங்கவில்லை. அவளைப் பார்த்துக்கொள்வதாகத் தம்பிக்குக் கொடுத்த வாக்கு போகிறதே என்றுதான் நினைத்தார். நேரே குருவிடம் போனார். மரகதம்மை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ரெண்டு கேள்வி.”

“ஒண்ணைக் கேளுங்க.”

“செங்கமலம் போறேங்குறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் அடங்கிருவாக. ஏன் சொல்ல மாட்டேங்குறீக?”

“ரெண்டாவதைக் கேளுங்க.”

“வெடைகளைப் பழசுக சேர்க்க மாட்டேங்குதுக. கொத்தியே கொன்னுரும் போல.”

குரு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். இருவரும் கோழிக்கூட்டுக்குப் போனார்கள். குப்பமுத்து கம்பை எடுத்ததும் பழைய கோழிகள் எட்டப்போய் நின்றன. வெடைகள் அவர் காலடியில் வந்து ஒண்டின.

“இப்பக் கெழட்டுக் கோழிக யாரைப் பாக்குதுக?”

“என்னைத்தான்.”

“வெடைக?”

“அதுகளும் என்னைத்தான்.”

“அப்ப அதுக ஒண்ணையொண்ணு எப்பப் பாக்கும்?”

குப்பமுத்து கம்பைக் கீழே போடவில்லை.

“இதைப் போட்டா ரத்தம் வருதேம்மா.”

“வரும்” என்று குரு ஒப்புக்கொண்டார். “இது பழசுகளோட கூடு. கூட்டைப் பேர்த்து நந்தவனத்துக்குப் பின்னால வையுங்க. உள்ள அடையுற கழியையும் மாத்திக் கட்டுங்க.”

“வெடைகளுக்கா?”

“எல்லாத்துக்கும்.”

மூங்கிலும் தகரமும் சேர்த்துக் கட்டிய கூடு அது. ஆள் சேர்த்துத் தூக்கி வைத்தார்கள். சாயங்காலம் பழைய கோழிகள் வழக்கமான இடத்துக்குப் போய், வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் வளைத்து நந்தவனத்துப் பக்கம் ஓட்ட வேண்டியிருந்தது. வாசலையே ஆண்ட செவலைச் சேவல் கூட்டுக்குள் போய், எந்தக் கழி தன்னுடையது என்று தெரியாமல் மறுபடி வெளியே வந்தது. இந்தக் குழப்பத்தில் வெடைகளும் உள்ளே நுழைந்தன. பழைய கோழிகளுக்கு அவற்றைக் கவனிக்க நேரமில்லை.

“நீங்க போய் அடுப்பைப் பாருங்க” என்றார் குரு.

குப்பமுத்து போனார். போனாரே தவிர, குழம்பில் உப்புப் போட்டோமா என்று அவருக்கே தெரியவில்லை.

விடிந்ததும் ஓடிவந்து பார்த்தார். ஒரு பெட்டை ஒரு வெடையைக் கொத்தியது. வெடை கத்திக்கொண்டு நகர்ந்து வேறு பக்கம் கிளறியது. பெட்டை அதைத் துரத்தவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் கொத்து விழுந்தது. ரத்தம் வரவில்லை. வெடைகள் இப்போது அவரைக் கண்டாலும் ஓடிவரவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் குருவிடம் வந்தார்.

“வெடைக சேந்துருச்சும்மா.”

“சந்தோஷம்.”

“செங்கமலம் துணியை மூட்டை கட்டிட்டா. நாளைக்குக் கிளம்புறா.”

“இன்னைக்கு உலையை அவ வைக்கட்டும். பந்தியையும் அவளே பரிமாறட்டும்.”

குப்பமுத்து அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“பரிமாறுறது நான்தானேம்மா?”

“ஆமா.”

குரு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். குப்பமுத்து அடுப்பங்கரைக்குப் போய் அன்னக்கரண்டியைச் செங்கமலத்தின் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் பந்தி உட்கார்ந்தது. சோற்றுப் பாத்திரத்தோடு செங்கமலம் வந்ததைப் பார்த்து எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கு முதல் கரண்டி என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அவள் ஓரத்திலிருந்து தொடங்கினாள். சூடாமணியின் இலைக்கு வந்தபோது சூடாமணி சோற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“குழைஞ்சு போச்சே” என்றாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் செங்கமலத்திடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

“ஏய் சூடாமணி...” என்று குப்பமுத்து பாய்ந்தார்.

குரு ஒரு இலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் வாய் நின்றது.

“ஆமாக்கா” என்றாள் செங்கமலம். “பெரிய அண்டா, பதம் பிடிபடல. நாளைக்கு முன்னாடியே வடிச்சிர்றேன்.”

“வடிக்கிறதுக்கு முன்னாடி என்னையக் கூப்பிடு. பதம் சொல்றேன்.” சூடாமணியின் குரலில் கடுகடுப்பு குறையவில்லை. சோற்றைப் பிசையத் தொடங்கினாள். செங்கமலம் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

குப்பமுத்து இலையைப் பிடித்தபடி நின்றார். நாளைக்கு என்றல்லவா சொன்னாள்! அவர் கண் நிறைந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வரிசையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

வரிசையில் இடமில்லை. செங்கமலம் எழுந்ததும் அவள் இடத்தையும் பக்கத்து இலைகள் பகிர்ந்துகொண்டிருந்தன. மடத்துக்கு வந்த நாளிலிருந்து குப்பமுத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிட்டவர். பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. யாரும் அவருக்காக நகரவும் இல்லை.

“அம்மா” என்றார் மெதுவாக. “நான் எங்க உக்காருறது?”

“செங்கமலத்தைக் கேளுங்க ஐயா” என்றார் குரு. “தை மாசத்துலேருந்து அவ அதைத்தான் தேடிக்கிட்டு இருந்தா.”